பாம்பு ஏன் இப்படிப் பண்ணுது? நீலகிரியில் பாம்பு வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பாம்பு வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப ஏன் இப்படிப் பண்ணுது?" ஒருவருக்குச் சொன்னதையே அடுத்தவருக்கும் சொல்ல வேண்டியிருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

என்னிடம் வரும் கேள்விகள் இரண்டு பாம்புகளைப் பற்றியவை. ஒன்று, மேற்கு மற்றும் மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் (ball python). இன்னொன்று, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் ஸ்னேக். இரண்டுக்கும் விஷம் கிடையாது. இவற்றைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பாதி சமவெளி ஊர்களுக்கு எழுதியவை. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு அவை அப்படியே பொருந்தாது. நம் மலையில் பாம்பு வித்தியாசமாக நடந்துகொண்டால், பாம்பைச் சந்தேகப்படும் முன் அது இருக்கும் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் நிற்கும்.

அக்கா, பாம்பு வளர்க்கறதே சட்டப்படி தப்புங்கறாங்க. நாங்க வளர்க்கலாமா, கூடாதா?

எந்தப் பாம்பு என்பதைப் பொறுத்தது. நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு என்று நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்டுக் கிடந்ததை இரக்கப்பட்டு எடுத்து வந்திருந்தாலும் வனத்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

பால் பைத்தான் வெளிநாட்டுப் பாம்பு. ஆனால் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகளும் வந்துவிட்டன. அவற்றின்படி பால் பைத்தான் வைத்திருப்பவர் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டும். குட்டி பொரித்தாலும், வேறொருவர் கைக்குப் போனாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கார்ன் ஸ்னேக் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கையில் காகிதம் இல்லாதவர்கள் பாம்புக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் போகத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நாள் ஓடிவிடுகிறது, அவதிப்படுவது பாம்பு.

பையன் உருளைக்கிழங்கு பாத்தியில இருந்து ஒரு குட்டிப் பாம்பு புடிச்சிட்டு வந்தான். டப்பாவுல வச்சா ஒரே துடிப்பு. என்ன சாப்பாடு குடுக்கறது?

எதுவும் கொடுக்க வேண்டாம். எடுத்த பாத்தியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். தலை எது, வால் எது என்று சட்டெனத் தெரியாத, விரல் தடிமன் பாம்பாக இருந்தால் அது அநேகமாகக் கேடயவாலன். ஊட்டியைச் சுற்றிய தோட்டங்களில் மண்ணைக் கிளறினால் கிடைக்கும். மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்புழு தின்னும். முட்டையிடாமல் குட்டி போடும், யாரையும் கடிக்காது. மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை போன்ற இடங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தக் குடும்பத்துப் பாம்புகள் கிடையாது. ஈரமான குளிர்ந்த மண்ணில் இருந்ததைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் துடிக்காமல் என்ன செய்யும்?

அப்புறம், பையனிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இதே மலையில் விஷமுள்ள குழிவிரியன்களும் இருக்கின்றன. சின்னதாக இருக்கிறதே என்று எந்தப் பாம்பையும் கையால் எடுக்கக் கூடாது.

ராத்திரி ஆனா கண்ணாடியில ஏறி ஏறி விழுது, மூக்கை முட்டிக்கிட்டே இருக்கு. பைத்தியம் புடிச்சிடுச்சாக்கா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். முதலில் ஒரு விஷயம்: இரண்டு பாம்புகளுமே பகலில் படுத்துக் கிடந்துவிட்டு இருட்டிய பிறகு நடமாடும் இனம். மாலையில் வெளியே வந்து ஒரு மணி நேரம் சுற்றி, நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பார்த்துவிட்டுப் போனால் அது நோயில்லை. விடிய விடிய ஒரே மூலையில், ஒரே கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஏறி இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும். டார்ச் அடித்து மூக்கு நுனிச் செதிலைப் பாருங்கள். அங்கே இளஞ்சிவப்பாகத் தோல் உரிந்திருந்தால் பல நாளாகவே முட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இப்படி முட்டும் பாம்பு வெளியே போக வழி தேடுகிறது. ஏன் என்று கேட்டால் நம் ஊரில் பத்துக்கு எட்டு வீட்டில் குளிர்தான் காரணம் என்பேன். பாம்புக்குத் தன் உடம்பில் சூட்டை உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. சூடான இடத்துக்கு நகர்ந்து போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி வேண்டும். ராத்திரியிலும் 24-க்குக் கீழே இறங்கக் கூடாது. கார்ன் ஸ்னேக்குக்கு ஒரு பக்கம் 29, 30 டிகிரி, மறுபக்கம் 22 முதல் 24 போதும். ராத்திரி 20 வரை இறங்கினாலும் தாங்கும். இந்தச் சூடு பெட்டிக்குள் எங்குமே இல்லையென்றால், பெட்டிக்கு வெளியே எங்கேயோ இருக்கும் என்று தேடத்தான் செய்யும்.

சூடு சரியாக இருந்தும் முட்டினால், ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என உடம்பு உள்ளே இடிக்கிற அளவு இறுக்கமான இரண்டு மறைவிடங்கள் தேவை. ஒன்றே ஒன்று வைத்தால் சூடா, பாதுகாப்பா என்று பாம்பு ஏதோ ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அடுத்தது பசி, பெட்டி சிறிதாகிப்போனது, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பெண்ணைத் தேடுவது. வாங்கி வந்த முதல் வாரமாக இருந்தால் எதையும் மாற்றாமல், கையிலும் எடுக்காமல் ஏழு நாள் விட்டுவிடுங்கள். பாதிப் பாம்புகள் தானாகவே அடங்கிவிடும்.

ரூம்ல ஹீட்டர் போட்டுத்தானே வச்சிருக்கோம். அப்புறம் எப்படிக் குளிரும்?

அறையின் நடுவில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு, பெட்டியின் தரை வேறு. ஊட்டிப் பழைய வீடுகளின் சிமென்ட் தரை டிசம்பர், ஜனவரியில் எப்படி இருக்கும் என்று வெறுங்காலில் நின்றவர்களுக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டியை அந்தத் தரைமேலேயே வைத்தால் உள்ளே போடும் சூடெல்லாம் கீழே இறங்கிவிடும். பெட்டியை மேசைமேல் ஏற்றுங்கள். மூன்று பக்கமும் வெளியே தெர்மோகோல் ஒட்டுங்கள், ஆனால் சூடேற்றும் கருவியில் படக் கூடாது. புதிதாகச் செய்பவர்கள் கண்ணாடியைத் தவிர்த்துவிட்டு முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைத்த மரப்பெட்டி செய்துகொள்வது நல்லது.

பெட்டிக்குள் சூடு கொடுக்க ஹீட் மேட்டோ செராமிக் பல்போ எதுவானாலும், சூடு நாம் வைத்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடக் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. குளிரில் விறைத்த பாம்பு சூடு சுடுகிற அளவுக்கு ஏறினாலும் நகராமல் அதன்மேலேயே கிடக்கும். வயிற்றுச் செதில்கள் வெந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். வெப்பநிலையைப் பார்ப்பதற்கும் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். வயர் நுனியில் சென்ஸார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாங்கி, பாம்பு படுக்கும் இடத்திலேயே நுனியை வையுங்கள். காலை 5 மணிக்கு எழுந்து ஒருமுறை பாருங்கள். பகல் கணக்கு இங்கே உதவாது.

கரி அடுப்பு, கணப்புச் சட்டி எதையும் பாம்பு இருக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். மனிதர்களே தூக்கத்தில் இறந்துபோகிறார்கள்.

ஐப்பசி மழையில ரெண்டு நாள் கரண்ட் இல்ல. அப்ப என்ன பண்றது?

பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, டவலில் நன்றாகச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். ஆறியதும் மாற்றுங்கள். பெட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள், காற்றுக்கு ஒரு பக்கம் விட்டு. கார்ன் ஸ்னேக் ஒன்றிரண்டு நாள் குளிரைப் பெரும்பாலும் தாங்கிவிடும். பால் பைத்தானை நினைத்துத்தான் அலார்ம் வைத்து எழுந்திருக்க வேண்டும். மழைச் செய்தி வந்ததுமே உணவு கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். ஏன் என்பதை, கக்குவதைப் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

மழைக்கு முன்னால் பாம்பு பரபரப்பாகிறது என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். காற்றழுத்தம் குறைவதை உணர்கிறது என்பார்கள். இருக்கலாம். ஆனால் நம் மலையில் மழைக்கு முன் மூடுபனியும் குளிரும் சேர்ந்தே இறங்கும் என்பதால் முதலில் தெர்மாமீட்டரைப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

கண்ணு ரெண்டும் நீலமா, பால் படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. தொட்டா சீறுது. குருடாயிடுமா?

ஆகாது. சட்டை உரிக்கப் போகிறது. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் சேர்வதால் கண் மங்கும், உடம்பு நிறம் வெளிறும். பார்வை சரியில்லாததால் பயப்படும், ஒளியும், சாப்பிட மறுக்கும். சில நாளில் கண் தெளிந்துவிடும். "சரியாயிடுச்சு" என்று நாம் நினைக்கிறபோது, அதற்கடுத்த மூன்று நான்கு நாளில் சட்டையைக் கழற்றும். கழற்றும் நாளில் மூக்கைக் கல்லில் தேய்த்துக்கொண்டு அலையும். இதை மேலே சொன்ன கண்ணாடி முட்டலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது ஜனவரி, பிப்ரவரி. மூடுபனி இல்லாத அந்த நாட்களில் காற்று வறண்டிருக்கும். ரூம் ஹீட்டர் அதை இன்னும் வறட்டிவிடும். அப்போது சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொள்ளும். ஈரமான பாசி அடைத்த ஒரு மூடிய டப்பாவில் பாம்பு நுழையும் அளவு ஓட்டை போட்டு, சூடான பக்கம் வைத்தால் போதும். பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

உரித்த சட்டையைத் தூக்கிப் போடும் முன் தலைப் பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் வட்டமாக, தெளிவாக, சின்ன லென்ஸ் இருக்க வேண்டும். அங்கே ஓட்டை மட்டும் இருந்தால் அந்தக் கண்ணாடித் தோல் பாம்பின் கண்ணிலேயே தங்கிவிட்டது. நகத்தாலோ இடுக்கியாலோ எடுக்கப் போகாதீர்கள், கண்ணே போய்விடும். அடுத்த சட்டைக்கு ஈரத்தைச் சரிசெய்யுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் டாக்டர்தான்.

பால் பைத்தான் மூணு மாசமா சாப்பிடல. செத்துடும் போல இருக்கு.

பால் பைத்தானுக்கு இது சாதாரணம். குறிப்பாக வளர்ந்த ஆண்கள் நவம்பர் வாக்கில் நிறுத்திவிட்டு மார்ச்சில்தான் மறுபடி வாய் வைக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். எடை பெரிதாகக் குறையாமல் இருந்தால் காத்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, முதுகெலும்பு கூரையாக எழும்பித் தெரிந்தாலோ டாக்டரைப் பாருங்கள். குட்டிப் பாம்பு என்றால் இவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது.

இங்கே மலைக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. பால் பைத்தானின் மேலுதட்டில் சூட்டை உணரும் குழிகள் இருக்கின்றன. உறையவைத்த எலியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கித்தான் நீட்டுவீர்கள். ஆனால் 12 டிகிரி அறையில், பாம்பு தலையைத் தூக்கி யோசித்துக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்தில் எலி ஆறிவிடும். ஆறிய எலி அதற்கு இரையாகத் தெரியாது. எலியின் தலையை மட்டும் மறுபடி வெந்நீரில் முக்கித் துடைத்து நீட்டிப் பாருங்கள். பல மாத உண்ணாவிரதம் இப்படி முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் பிடித்த எலியைக் கொடுக்காதீர்கள். எலி விஷம் தின்றிருக்கலாம், ஒட்டுண்ணிகளும் இருக்கும். உயிரோடு எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போவதும் கூடாது. பசித்த எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். பாலும் வைக்க வேண்டாம். பாம்புக்கு வேண்டியது தண்ணீர்.

நல்லாத்தான் முழுங்குச்சு. ரெண்டு நாள் கழிச்சு அப்படியே கக்கிடுச்சு.

சூடு இல்லாவிட்டால் செரிமானம் நின்றுவிடும். உள்ளே இரை அழுக ஆரம்பிக்கும். வெளியே தள்ளுவது தவிர பாம்புக்கு வேறு வழியில்லை. மின்வெட்டு நாளில் உணவு கொடுக்க வேண்டாம் என்றது இதனால்தான். சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள் கையில் எடுத்தாலும் கக்கும், இரை பெரிதாக இருந்தாலும் கக்கும்.

கக்கிய பாம்பைப் பார்த்துப் பாவப்பட்டு மறுநாளே இன்னொரு எலி கொடுப்பதுதான் பெரிய கெடுதல். கக்கும்போது வயிற்று அமிலமும் போய்விடுகிறது, தொண்டையும் புண்ணாகிறது. குறைந்தது பத்து நாள், முடிந்தால் இரண்டு வாரம் தண்ணீர் மட்டும். பிறகு வழக்கத்தில் பாதி அளவு இரை. இரண்டாம் முறையும் கக்கினால் வீட்டு வைத்தியம் பேச வேண்டாம்.

எப்பப் பாரு தண்ணிக் கிண்ணத்துலயே ஊறிக்கிட்டு இருக்கு.

மூன்று காரணங்கள். சட்டை உரிக்கும் முன் ஊறும், அது சரி. சூடு அதிகமாகிப்போனால் ஊறும். நம் ஊரில் அரிது, ஆனால் தெர்மோஸ்டாட் பழுதானால் நடக்கும். மூன்றாவது, மைட்ஸ் என்கிற பாம்புச் செள்ளு. செதிலுக்கு அடியில் புகுந்து ரத்தம் குடிக்கும். அரிப்பு தாங்காமல் பாம்பு தண்ணீரில் போய்ப் படுக்கும், கண்ணோரத்தைத் தேய்க்கும், ஓயாமல் அலையும்.

வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஈரமாக்கி உடம்பைத் துடைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியது போலக் கரும்புள்ளிகள் ஒட்டி, அவை நகர்ந்தால் செள்ளுதான். தாடைக்கு அடியில் இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள், கூட்டமாக அங்கே ஒளியும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைப் பாம்புக்கு அடிக்காதீர்கள், அது பாம்பின் நரம்பையே தாக்கலாம். உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்து எறிந்து, பெட்டியைக் கழுவி, பேப்பர் விரித்து, மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் மட்டும் போடுங்கள்.

மரப் பட்டறையில இருந்து புது மரத்தூள் கொண்டாந்து போட்டேன். அன்னிக்கு இருந்து ஒரு இடத்துல நிக்கல.

என்ன மரம் என்று கேட்டீர்களா? நம் ஊரில் சும்மா கிடைக்கும் மரத்தூள் பைனோ, சைப்ரஸோ, தைல மரமோ ஆகத்தான் இருக்கும். மூன்றிலும் காரமான எண்ணெய் உண்டு. பாம்பு நாக்கால் காற்றில் இருக்கும் வாசத்தை எடுத்து, வாயின் மேலண்ணத்தில் இருக்கும் ஓர் உறுப்பில் வைத்து உணர்கிறது. அந்த மரத்தூள் மேல் நாள் முழுக்கப் படுக்க வைப்பது அதன் மூச்சுக்கும் தோலுக்கும் கேடு. இன்றே எடுத்துவிடுங்கள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் தென்னை நார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, உலர்த்திப் போடுங்கள். மலிவு, ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

நீலகிரித் தைலத்துக்கும் இதே பேச்சு. சளி பிடித்திருக்கிறது என்று பாம்பு இருக்கும் அறையில் தைலம் போட்டு ஆவி பிடிப்பவர்கள், தைலம் தேய்த்த கையோடு பாம்பைத் தூக்குபவர்கள் இங்கே நிறைய. வேண்டாம்.

எங்க லைன் வீடு டீ ஃபேக்டரிக்கு ஒட்டினாப்ல. பாம்புக்குத்தான் காது கேக்காதே, சத்தம் என்ன பண்ணும்?

வெளிக்காது இல்லை, அவ்வளவுதான். தரையில் வரும் அதிர்வை உடம்பாலும் தாடை எலும்பாலும் உணரும். தாழ்ந்த ஒலிகளும் அதற்கு எட்டும். ஃபேக்டரி இயந்திரம், ஜெனரேட்டர், அதே ஸ்டாண்டில் வைத்த ஹோம் தியேட்டர் எல்லாமே பாம்புக்குத் தெரியும். பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, காலுக்கடியில் தடித்த ரப்பர் கொடுங்கள். ஒரே சீரான அதிர்வுக்குப் பெரும்பாலும் பழகிவிடும். ஊர்த் திருவிழாவுக்கு மேளம் வருகிற இரண்டு நாளில் பாம்பு வெளியே வராமலே கிடந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

வாலைப் படபடன்னு ஆட்டுது. விஷப் பாம்பா மாறிடுச்சா?

கார்ன் ஸ்னேக் பயந்தால் அப்படித்தான் ஆட்டும். காய்ந்த இலைமேல் பட்டால் சத்தம் பெரிதாகக் கேட்கும். விலகி நில்லுங்கள், போதும்.

பகல்ல வாயைப் பொளந்து கொட்டாவி விடுது. தூக்கம் வருதா, நோயா?

சாப்பிட்ட பிறகு ஒன்றிரண்டு முறை வாயை அகலப் பிளந்தால் தாடையைச் சரிசெய்துகொள்கிறது. கவலை இல்லை. சாப்பிடாத நாளிலும் திரும்பத் திரும்பப் பிளக்கிறது, மூக்கோரம் குமிழி வருகிறது, மூச்சில் கீச்சென்றோ சொடுக்குவது போலவோ சத்தம் வருகிறது, தலையை உயர்த்தி வைத்தே மூச்சு விடுகிறது என்றால் அது நுரையீரல் தொற்று. குளிரும் ஈரமும் சேர்ந்த ஜூலை, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் நம் பாம்புகளுக்கு வரும் முதல் நோய் இதுதான். பாம்பால் நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. தானாகச் சரியாகும் என்று ஒரு வாரம் பார்க்கக் கூடிய நோய் இல்லை. டாக்டரிடம் போகும் வரை சூட்டை மேலே சொன்ன அளவின் உச்சத்தில் வைத்து, பெட்டி உள்பக்கக் கண்ணாடியில் நீர் கோத்து நிற்காதபடி காற்றோட்டம் கொடுங்கள்.

ஆண் பாம்பே இல்ல. ஆனா பொம்பளப் பாம்பு மல்லாக்கப் படுக்குது, மண்ணைத் தோண்டுது, கிண்ணத்தைச் சுத்திக்குது.

முட்டை வைக்கப் போகலாம். ஆண் சேராமலே கருவில்லா முட்டை வைப்பது இரண்டு இனத்திலும் நடக்கும். பின்பாதி உடம்பு வீங்கியிருக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், இடம் மாறி மாறிப் படுக்கும். ஈரப் பாசி போட்ட பெரிய டப்பா ஒன்றை உள்ளே வைத்துவிட்டுத் தொந்தரவு செய்யாமல் இருங்கள். சில முட்டை வைத்து, மீதி உள்ளேயே நின்று, பாம்பு சோர்ந்து கிடந்தால் தாமதிக்க வேண்டாம். அமுக்கி வெளியே எடுக்கப் பார்த்தால் முட்டை உள்ளேயே உடைந்துவிடும்.

ஊட்டியில இயற்கையாவே குளிர்தானே. கார்ன் ஸ்னேக்கைச் சூடு போடாம குளிர்காலத் தூக்கத்துக்கு விட்டா என்ன?

யோசனை தவறில்லை. அதன் சொந்த ஊரில் அது குளிர்காலத்தில் ஒடுங்கிக் கிடக்கும் பாம்புதான். ஆனால் அதற்கு வயிறு முழுக்கக் காலியாக இருக்க வேண்டும், அதனால் முன்கூட்டியே இரண்டு வாரம் பட்டினி. பிறகு 10 முதல் 13 டிகிரியில் ஒரே சீராக, இருட்டில், வாரக்கணக்கில் இருக்க வேண்டும். ஊட்டி வீட்டில் அந்தச் சீர் கிடைப்பதில்லை. மத்தியானம் வெயில் ஜன்னல் வழியே விழுந்து 20-ஐத் தாண்டும், விடிகாலையில் 8-க்கு இறங்கும். பாம்பு தூங்கவும் முடியாமல், செரிக்கவும் முடியாமல் அரைகுறையாகக் கிடந்து நோயில் விழும். இனப்பெருக்கம் செய்யப் போவதில்லையென்றால் இது தேவையே இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட பாம்புக்கும் மெலிந்த பாம்புக்கும் கூடவே கூடாது. பால் பைத்தானுக்கு எந்த வயதிலும் கிடையாது.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு இதோடு சேர்த்து ஒன்று: ராத்திரி முழுக்க 24 டிகிரியும், மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரும் உறுதியாகக் கொடுக்க முடியாத வீட்டில் பால் பைத்தான் வேண்டாம். நம் மலைக்குக் கார்ன் ஸ்னேக் எவ்வளவோ மேல்.

கட்டில்ல என் பக்கத்துல நீளமா நீட்டிப் படுக்குது. முழுங்கறதுக்கு அளவு பாக்குதுன்னு மாமியார் சொல்றாங்க.

அவர்களுக்கு நிதானமாகச் சொல்லுங்கள்: பாம்பு எதையும் அளந்து பார்த்துச் சாப்பிடுவதில்லை. மறைந்திருந்து பிடிக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டாத பால் பைத்தானால் மனிதக் குழந்தையைக் கூட விழுங்க முடியாது. உங்கள் உடம்புச் சூடு பிடித்துப் படுக்கிறது. அதாவது பெட்டியில் சூடு போதவில்லை. மூன்றாவது கேள்வியின் பதிலைப் படித்துவிட்டுப் பெட்டியைச் சரிசெய்யுங்கள், கட்டிலில் பாம்போடு தூங்குவதையும் நிறுத்துங்கள். புரண்டால் நசுங்கப்போவது அதுதான்.

பெட்டியைத் திறந்து போட்டுட்டேன். காணோம்! எங்க தேடறது?

சூடு இருக்கும் இடத்தில். ஃப்ரிட்ஜின் பின்பக்கம், இன்வெர்ட்டர் அடி, செட்டாப் பாக்ஸ், கீஸர் மேல், விறகடுப்பு ஓரம். ராத்திரி விளக்கை அணைத்து, சுவரோரங்களில் மாவு தூவி வைத்தால் எந்தப் பக்கம் போகிறது என்று தடம் காட்டும். சூடான மறைவிடம் ஒன்றைத் தரையில் வைத்தால் தானே வந்து நுழைவதும் உண்டு.

வெட்கப்படாமல் அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். பால் பைத்தானைக் கண்ணாடி விரியன் என்று நினைத்து அடித்துவிடுவார்கள். இதற்கு நேர் எதிரானது இன்னும் ஆபத்து: தேடும்போது விறகுக் குவியலில் பழுப்பாக ஒன்று கண்ணில் பட்டதும் "நம்மதுதான்" என்று கையை விடாதீர்கள். அது குழிவிரியனாக இருக்கலாம். வெளிச்சத்தில் முழு உடம்பும் தெரியும் வரை தொடக் கூடாது. சந்தேகம் இருந்தால் தூரத்தில் நின்று வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

தலையை அண்ணாந்து வானத்தைப் பாக்கற மாதிரி வச்சுக்குது, புரட்டிப் போட்டா திரும்பத் தெரியல. இதுக்கும் சூடுதானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் நான் உண்மையில் பயப்படும் கேள்வி இது. தலை பின்னோக்கி வளைந்து நிற்பதும், மல்லாத்தினால் புரண்டு எழ முடியாததும் நரம்புக் கோளாறின் அடையாளங்கள். பெட்டி அதிகமாகச் சூடேறிப் போயிருக்கலாம், பூச்சி மருந்து பட்டிருக்கலாம், வைரஸ் நோயாக இருக்கலாம். பைத்தான், போவா இனங்களைத் தாக்கும் வைரஸ் நோய் ஒன்றுக்கு இன்னும் மருந்து கிடையாது. அது மற்றப் பாம்புகளுக்கும் பரவும். அதனால் அந்தப் பாம்பைத் தனி அறைக்கு மாற்றி, அதைத் தொட்ட கையோடு இன்னொன்றைத் தொடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு: ஸ்பைடர் என்ற வகைப் பால் பைத்தானுக்குப் பிறவியிலேயே தலை ஆட்டம் உண்டு. அழகான கோலத்துக்காக அந்த மரபணுவைப் பெருக்குகிறார்கள். சில இரையைக் கூடக் குறிபார்த்துப் பிடிக்க முடியாமல் திணறும். வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும் வரை அதைப் பெருக்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

சரிக்கா, டாக்டர்கிட்ட போகணும்னா இங்க யார் இருக்கா? பாம்பை எப்படி எடுத்துட்டுப் போறது?

மாடு, நாய் பார்க்கும் எல்லா டாக்டரும் பாம்பு பார்க்க மாட்டார்கள். அது அவர்கள் குற்றமில்லை. முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கோவையில் ஊர்வன பார்க்கும் தனியார் மருத்துவர் யார் என்று பாம்பு நன்றாக இருக்கும் காலத்திலேயே விசாரித்து எண்ணை எழுதி வையுங்கள். பெரிய சிக்கல் என்றால் நாமக்கல் அல்லது சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி.

பருத்தித் தலையணை உறையில் பாம்பை விட்டு, வாயை முடிச்சுப் போட்டு, ஓட்டை போட்ட தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். குன்னூரைத் தாண்டும் வரை டவல் சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்று உள்ளே இருக்கட்டும். பர்லியாறு தாண்டியதும் எடுத்துவிடுங்கள், மேட்டுப்பாளையத்தில் வெயில் ஏறிவிடும். வண்டியை நிழலில் நிறுத்தினாலும் பாம்பை உள்ளே பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

டாக்டர் கேட்கப் போவது இதுதான்: கடைசியாக என்றைக்குச் சாப்பிட்டது, என்றைக்குக் கழிந்தது, என்றைக்குச் சட்டை உரித்தது, எடை எவ்வளவு, பெட்டியில் ராத்திரி எத்தனை டிகிரி. அந்த நோட்டையும், பாம்பு செய்வதைப் போனில் எடுத்த வீடியோவையும், பதிவுச் சான்றையும் கொண்டு போங்கள். பாம்பு டாக்டர் மேசையில் அசையாமல் படுத்துக்கொள்ளும், வீட்டில் செய்ததை அங்கே செய்து காட்டாது. வீடியோ இருந்தால்தான் அவர் பார்க்க முடியும்.